டேஸ்லர் கட்டிய சுவர்: சுந்தரமூர்த்தியும் 2016 சுசுகி கிண்ணமும்

2016 நவம்பர் 25, மணிலாவின் ரிசால் நினைவு விளையாட்டரங்கம். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியில் பிரிவின் கடைசி ஆட்டம். 27ஆம் நிமிடத்தில் கைருல் அம்ரி அடித்த கோலால் சிங்கப்பூர் இந்தோனீசியாவை 1-0 என முந்தி நிற்கிறது. இதே கணக்கில் ஆட்டம் முடிந்தால் அரையிறுதிக்குப் பெரும்பாலும் போய்விடலாம். 62ஆம் நிமிடத்தில் ஆண்டிக் வெர்மான்ஸா சமன் செய்தார். 85ஆம் நிமிடத்தில் ஸ்டெஃபானோ லிலிபாலி இரண்டாவதைப் போட்டார். மூன்று ஆட்டங்களில் ஒரு கோல், ஒரு புள்ளி, பிரிவில் கடைசி இடம். சிங்கப்பூர் ஊர் திரும்பியது.

தோற்றதற்காக மட்டும் திட்டியிருந்தால் இந்த விவகாரம் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். தோற்ற விதம்தான் ஆட்களைக் கொதிக்க வைத்தது. பத்துப் பேரும் பின்னால் நிற்கிறார்கள், முன்னால் ஒருவர் அனாதையாக ஓடுகிறார், பந்து கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிறார்கள். இதற்கா நூறு தடவை 'மஜுலா' (மலாயில் 'முன்னேறு') என்று கத்தினோம் என்பதுதான் அப்போதைய புகார். அதிலும் நம்மவர்களுக்குக் கூடுதல் வலி. பயிற்றுவிப்பாளர் வி. சுந்தரமூர்த்தி. ஒரு காலத்தில் 'டேஸ்லர்' என்று ஊரே கொண்டாடிய, கண்ணைப் பறிக்கும் ஆட்டக்காரர். அவரா இப்படி ஒரு அணியை அனுப்பினார்?

அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயமும் நிறைய அவசரமும் இருந்தன. ஏனென்றால் இதே மனிதர், ஏறக்குறைய இதே கொள்கையோடு, மூன்றாண்டுகளுக்கு முன்னர் மலேசிய சூப்பர் லீக்கை வென்று கொடுத்தவர். அப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. 2013இல் வேலை செய்த திட்டம் 2016இல் ஏன் படுத்தது? தற்காப்புதான் குற்றவாளியா, வேறு ஏதாவதா? இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஆடிய காலத்தில்

மலேசியக் கிண்ணக் காலத்தைப் பார்க்காத இளையருக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் 1994 வரை மலேசியப் போட்டிகளில் ஆடியது. அந்த ஆட்டங்களுக்குக் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கம் நிரம்பி வழியும். சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டாலே கூட்டம் எழுந்து நிற்கும். காலடியில் பந்தை வைத்துக்கொண்டு எதிரியை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தடுமாற வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் அடித்த சைக்கிள் கிக் கோலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பிலும் கொஞ்ச காலம் இருந்தார். ஃபாண்டி அகமது நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஆடியதைத் தவிர்த்தால், நம் ஊரிலிருந்து ஐரோப்பிய மைதானத்தில் கால் வைத்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

இப்படிப்பட்ட ஒருவர் பயிற்றுவிப்பாளரானதும் தன் அணியையும் தன்னைப் போலவே ஆட வைப்பார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். தன்னிடமிருந்த அந்தத் திறமை பயிற்சியால் ஊட்டக்கூடியதல்ல என்பது மற்ற யாரையும்விட அவருக்குத்தான் தெரியும். பத்து வயதில் ஃபேரர் பார்க் திடலிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வித்தை அது. இருபத்தைந்து வயதுக்காரனுக்கு மூன்று வார முகாமில் சொல்லிக்கொடுக்க முடியாது. அதே சமயம், தன்னைப் போன்ற ஆட்டக்காரனுக்கு எது எரிச்சலூட்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி: இடமே இல்லாத இடம். திரும்பினால் ஓர் ஆள், விலகினால் இன்னோர் ஆள். அந்த நெரிசலைத்தான் அவர் எதிரணிகளுக்குக் கொடுக்கப் பார்த்தார். தன் இளமைக்குத் துரோகம் செய்தார் என்ற பேச்சை நான் ஏற்றதில்லை. அந்த இளமையிலிருந்துதான் இந்தக் கொள்கையே வந்தது என்பது என் கணிப்பு.

முதுகில் பட்ட கோல்

சிங்கப்பூர்க் காற்பந்து அழகாக ஆடித்தான் கோப்பைகள் வாங்கியது என்று ஒரு கதை உலவுகிறது. 1977 மலேசியக் கிண்ணத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. டோல்லா காசிம், எஸ். ராஜகோபால், குவா கிம் சோங் என்று முன்வரிசையே ஒரு திருவிழா. பின்வரிசையில் அணித்தலைவர் சமத் அல்லாபிச்சை நின்றதை மட்டும் அந்தக் கதை சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அனைத்துலக அரங்கில் முதன்முதலாகப் பெரிய கோப்பை கிடைத்தது 1998இல், ஹனோயில் நடந்த டைகர் கிண்ணத்தில் (சுசுகி கிண்ணத்தின் அன்றைய பெயர்). பயிற்றுவிப்பாளர் பேரி விட்பிரெட். அந்தப் போட்டியில் நடந்ததை இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பிரிவின் கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தும் இந்தோனீசியாவும் மோதின. இரண்டுமே ஏற்கனவே அரையிறுதிக்குத் தேர்வாகிவிட்டன. வென்றால் ஹனோயில் வியட்னாமைச் சந்திக்க வேண்டும், தோற்றால் சிங்கப்பூரைச் சந்திக்கலாம். இரண்டுக்கும் சிங்கப்பூர்தான் வேண்டியிருந்தது! கடைசியில் இந்தோனீசியாவின் முர்ஷித் எஃபெண்டி தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்து, தன் அணியைத் 'தோற்கடித்து' அந்த வாய்ப்பை வாங்கிக் கொடுத்தார். எளிதான இரை என்று தேடி வந்த இந்தோனீசியாவை சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. இறுதியாட்டத்தில் வியட்னாம். விழுந்தது ஒரே கோல். அடித்தவர் ஆர். சசிகுமார், தற்காப்பு ஆட்டக்காரர். அடித்தார் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பந்து அவருடைய தோளிலும் முதுகிலுமாகப் பட்டு உள்ளே போனது. 1-0. அந்தக் கோல் அழகா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அன்று தோற்ற வியட்னாமின் பயிற்றுவிப்பாளர் ஆல்ஃபிரட் ரீடல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருவார்.

அடுத்து ராடி அவ்ராமோவிச். செர்பியர், முன்னாள் கோல்காவலர். 2003 முதல் 2012 வரை பொறுப்பில் இருந்து 2004, 2007, 2012 என மூன்று தடவை அதே கிண்ணத்தை வென்றவர். அவர் அணிகளும் பந்தை வைத்துக் கொண்டாடியவை அல்ல. 2007 அரையிறுதியில் மலேசியாவுடன் இரண்டு ஆட்டமும் 1-1. பெனால்டியில் லயனல் லூயிஸ் கடைசி உதையைத் தடுத்ததால்தான் பிழைத்தோம். 2012 அரையிறுதியில் பிலிப்பீன்ஸுக்கு எதிராக அங்கே 0-0, இங்கே ஜாலான் புசாரில் 1-0. இறுதியில் தாய்லாந்தை உள்ளூரில் 3-1 என்று வென்றுவிட்டு, பேங்காக்கில் 0-1 என்று தோற்று, மொத்தத்தில் 3-2 என்று கிண்ணத்தைத் தூக்கி வந்தார்கள். பேங்காக்கில் கடைசிக் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நகம் மிச்சமிருந்திருக்காது.

ஆனாலும் ராடியின் அணி முடங்கிக் கிடந்த அணி அல்ல. அதே 2012இல் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் மலேசியாவை 3-0 என்று அடித்தார்கள், லாவோஸை 4-3 என்று வென்றார்கள். அவரிடம் வெளியேறும் வழி இருந்தது. 42 வயதிலும் பந்தை நெஞ்சில் வாங்கி நிறுத்தி வைக்க அலெக்சாண்டர் டூரிச் இருந்தார். நடுவில் முஸ்தபிச் ஃபாருடின். பந்தை யாரிடம் கொடுத்தால் காப்பாற்றுவார் என்ற கேள்விக்கு ஷாஹ்ரில் இஷாக் என்ற பதில். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. டூரிச், ஃபாருடின் போன்றவர்கள் குடியுரிமை பெற்று வந்தவர்கள். அந்த வாசல் பின்னர் ஏறக்குறைய அடைபட்டது. சுந்தரமூர்த்தியின் கதையில் இதற்குப் பங்குண்டு.

2013

லயன்ஸ் 12 என்ற பெயரில் சிங்கப்பூர் அணி 2012இல் மலேசிய லீக்குக்குத் திரும்பியது. பயிற்றுவிப்பாளர் சுந்தரமூர்த்தி. மற்ற அணிகளில் வெளிநாட்டவர் இருந்தார்கள், இவர்களிடம் ஒருவரும் இல்லை. இளையர் நிறைய. முதலாண்டில் கிளந்தானுக்கு அடுத்த இடம். இரண்டாமாண்டு, 2013 ஜூலை 2ஆம் தேதி, ஜாலான் புசாரில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று வென்று லீக் பட்டத்தை உறுதி செய்தார்கள்.

அந்த அணி ஆடிய விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஜாலான் புசாரில் ஆறாயிரம் பேர் உட்காரலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். செயற்கைப் புல், பந்து வேகமாக ஓடும். தற்காப்பு வரிசை நால்வரும் நடுக்கள வரிசையும் நெருங்கி நிற்பார்கள். எதிரணி பக்கவாட்டில் பந்தை மாற்றி மாற்றி ஆடும்போது இந்த இரண்டு வரிசையும் ஒன்றாக நகரும், யாரும் தனியாக ஓடிப் பாய மாட்டார்கள். எதிராளி பொறுமை இழந்து நடுவில் ஒரு பாஸ் விடுவான். பறித்ததும் முதல் பாஸ் ஷாஹ்ரில் இஷாக்குக்கு. அவர் திரும்பி நிமிரும்போதே விளிம்பில் ஒருவர் ஓடத் தொடங்கியிருப்பார். கோல் கிடைக்காவிட்டாலும் ஒரு கார்னரோ ஃப்ரீ கிக்கோ கிடைக்கும். அதற்குப் பின்னாலிருந்து பைஹாக்கி கைசானும் சாஃபுவான் பஹாருடினும் ஏறி வருவார்கள். தற்காப்புக்காரரான சாஃபுவான் தலையால் முட்டிப் போட்ட கோல்கள் அந்தப் பருவத்தில் பெரிய கொள்முதல்.

இது தற்காப்பு ஆட்டமா? ஆம். அசிங்கமா? ஜாலான் புசார் வாசலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்களிடம் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. இந்த ஒழுங்கு தினமும் பயிற்சி செய்து வந்தது. லீக் அணி என்பதால் வாரம் முழுக்க ஆட்கள் கையில் இருந்தார்கள். இரண்டு வரிசையும் ஒன்றாக நகர்வது பார்ப்பதற்குச் சும்மா நிற்பது போலிருக்கும். உண்மையில் காற்பந்தில் மிகவும் நேரம் பிடிக்கிற பாடங்களில் அதுவும் ஒன்று. பறித்த பந்தை யார் எங்கே கொடுப்பது என்பது அதைவிடக் கடினம்.

எதிர்க்கொள்கை: ஸ்டாங்கே

தேசிய அணிக்கு 2013இல் வந்த ஜெர்மானியர் பெர்ன்ட் ஸ்டாங்கே வேறு பாடம் சொன்னார். பந்தைக் கீழே வைத்து, பாஸ் கொடுத்து, முன்னேறி ஆட வேண்டும் என்பது அவர் விருப்பம். ராடியின் காலத்து 'தூக்கி அடி' ஆட்டத்துக்கு முடிவு வந்துவிட்டது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

2014 சுசுகி கிண்ணம். புதிய தேசிய விளையாட்டரங்கில் சொந்த ஊரில் ஆட்டம். தாய்லாந்திடம் 1-2 தோல்வி, மியன்மாரை 4-2 என்று வென்றோம். கடைசியாக மலேசியா. நமக்கு ஒரு சமநிலை போதும். 61ஆம் நிமிடத்தில் சஃபி சாலி அடித்தார். 83இல் கைருல் அம்ரி சமன் செய்தார். இன்னும் சில நிமிடங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றால் அரையிறுதி. நிற்க முடியவில்லை. கூடுதல் நேரத்தில் பெனால்டி, சஃபிக் ரஹிம் அடித்தார். அதற்கும் பிறகு இன்னொரு கோல். 1-3.

அடுத்த ஆண்டு, 2015 ஜூன் 16இல், சைத்தாமாவில் உலகக் கிண்ணத் தகுதியாட்டம். எதிரில் ஜப்பான். அதே ஸ்டாங்கே, அதே அணி, 0-0! கோல்காவலர் இஸ்வான் மஹ்புத் பறந்து பறந்து தடுத்த அந்த இரவு சிங்கப்பூர்க் காற்பந்தின் பெரிய பெருமைகளில் ஒன்று. பந்து முழு நேரமும் ஜப்பானியரிடம்தான் இருந்தது. அழகான ஆட்டத்தைப் போதித்தவரின் பெயரைக் காப்பாற்றியது பதினொரு பேரும் கோல் வாசலைக் காத்து நின்ற ஆட்டம். தாக்குதல் பேசியவர் தற்காப்பில் சாதித்தார், தற்காக்க வேண்டிய ஐந்து நிமிடத்தில் சறுக்கினார். கொள்கையை மட்டும் வைத்து ஒரு பயிற்றுவிப்பாளரை எடைபோடுவோருக்கு ஸ்டாங்கேயின் கணக்கு எப்போதும் இடிக்கும்.

மணிலா

2016 மே மாதம் சுந்தரமூர்த்தி தேசிய அணிப் பொறுப்புக்கு வந்தார். அக்டோபரில் மலேசியாவுடன் நட்புமுறை ஆட்டம், தேசிய விளையாட்டரங்கில், 0-0. அன்றே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. மலேசியாவுடன் சொந்த மைதானத்தில்கூடவா என்று.

சுசுகி கிண்ணத்தில் நம் பிரிவில் தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், இந்தோனீசியா. நடத்துவது பிலிப்பீன்ஸ். மூன்று ஆட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் 'தற்காப்பு' என்று பெயர் ஒட்டுவதுதான் பலரும் செய்வது. அது சரியில்லை. மூன்றும் வேறு வேறு.

முதலாவது பிலிப்பீன்ஸ். 35ஆம் நிமிடம் நெருங்கும்போது ஹஃபிஸ் சுஜாதுக்குச் சிவப்பு அட்டை. அதன் பிறகு பத்துப் பேரோடு, எதிரணியின் சொந்த ஊரில், மிச்ச ஆட்டம் முழுவதும் காத்து 0-0. இந்த ஆட்டத்துக்காக யாரையும் குறை சொல்ல முடியாது, பாராட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது தாய்லாந்து. கியாத்திசாக் செனாமுவாங்கின் அணி, நடப்பு வெற்றியாளர். அந்த ஆண்டும் கிண்ணத்தை அவர்களே வென்றார்கள். சிங்கப்பூர் 89ஆம் நிமிடம் வரை தாக்குப் பிடித்தது. சாராவுட் மாசுக் அடித்த கோலில் 0-1. இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் 'வீரத் தற்காப்பு' என்று தலைப்பு வந்திருக்கும். திட்டம் ஒன்றுதான், நிமிடம்தான் மாறியது. ஆனாலும் இந்த ஆட்டத்தில் ஓர் அபாயம் வெளியே தெரிந்தது: கோலுக்கு அருகில் நாம் போகவே இல்லை எனலாம். தொண்ணூறு நிமிடமும் ஒரு பக்கம் மட்டுமே ஆட்டம் நடந்தால், தவறு செய்யும் வாய்ப்பும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே.

மூன்றாவதுதான் வழக்கின் மையம். எதிரில் இந்தோனீசியா, பயிற்றுவிப்பாளர், முன்னே சொன்ன ஆல்ஃபிரட் ரீடல். ஃபிஃபா தடையிலிருந்து அந்த ஆண்டுதான் மீண்டு வந்த அணி. ஒரு கிளப்பிலிருந்து இரண்டு பேருக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் ரீடல் ஆள் பொறுக்கியிருந்தார். தாய்லாந்திடம் நான்கு கோல், பிலிப்பீன்ஸிடம் இரண்டு கோல் வாங்கி வந்திருந்தது. அடித்தால் உடையக்கூடிய தற்காப்பு அது.

புள்ளிக் கணக்கும் தெளிவு. தாய்லாந்து ஆறு, பிலிப்பீன்ஸ் இரண்டு, நமக்கும் இந்தோனீசியாவுக்கும் ஒவ்வொன்று. வென்றால் நான்கு. அன்றே நடந்த இன்னோர் ஆட்டத்தில் தாய்லாந்து பிலிப்பீன்ஸை 1-0 என்று வென்றது. ஆக, வெற்றி கிடைத்திருந்தால் சிங்கப்பூர் அரையிறுதியில். 1-1 என்று முடிந்திருந்தால்? மூன்று அணிகளுக்கும் இரண்டிரண்டு புள்ளி; கோல் வித்தியாசத்தில் பிலிப்பீன்ஸும் நாமும் சமம்; அதிகக் கோல் அடித்ததால் பிலிப்பீன்ஸ் மேலே. நமக்கு வெற்றி ஒன்றே வழி.

27ஆம் நிமிடத்தில் அம்ரி அடித்ததும் சிங்கப்பூர் பின்வாங்கியது. ஒரு கோல் முன்னிலையை அறுபது நிமிடத்துக்கு மேல் காப்பது என்பது, தாய்லாந்துக்கு எதிராக 0-0வைக் காப்பதைவிடக் கடினம். எதிரணிக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை, அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 62இல் ஆண்டிக் சமன் செய்ததும் நிலைமை தலைகீழானது. இப்போது நாம்தான் அடித்தாக வேண்டும். கையில் இருபத்தெட்டு நிமிடம். அணியால் தன் உடம்பைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. இரண்டரை ஆட்டமாகப் பின்னோக்கியே நகர்ந்து பழகியவர்களிடம் திடீரென்று முன்னே போ என்றால் கால் போகாது. 85இல் லிலிபாலி கதையை முடித்தார்.

பந்தைப் பறித்த பிறகு

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதானத்தின் நீளம் சுமார் 105 மீட்டர். தற்காப்பு வரிசை பெனால்டி வட்டாரத்தின் விளிம்பில் நிற்கிறது. நடுக்கள வரிசை அதற்குப் பத்து மீட்டர் முன்னே. அங்கே பந்தைப் பறித்தால் எதிரணியின் கோல் எண்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னால் ஒரே ஆள், அவரைச் சுற்றி இரண்டு தற்காப்புக்காரர்கள். பந்தைப் பறித்தவனுக்கு மூன்று விநாடி இருக்கும். அதற்குள் முதல் பாஸைப் பாதுகாப்பாக வாங்க ஒருவர், பந்தை முதுகால் மறைத்து நிறுத்தி வைக்க ஒருவர், விளிம்பில் பாய்ந்து ஓட ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். மூவரில் ஒருவர் இல்லையென்றாலும் பந்து தூக்கி அடிக்கப்படும். பத்து விநாடியில் திரும்பி வரும். சுவர் மறுபடி நிற்க வேண்டும். அறுபதாவது தடவை திரும்பி வரும்போது யாரோ ஒருவரின் கால் தாமதிக்கும்.

2013இல் சுந்தரமூர்த்தியிடம் அந்த மூவரும் இருந்தார்கள், அவர்களைத் தினமும் பழக்க நேரமும் இருந்தது. 2012இல் ராடியிடமும் இருந்தார்கள். 2016இல் அந்தத் தரத்தில் அமையவில்லை. தேசிய அணிக்கு ஆட்கள் கிடைப்பதும் சில நாட்களுக்குத்தான். அவர் சுவரைக் கொண்டு வந்தார், வாசலை அல்ல. இதுதான் நான் அவர்மீது வைக்கும் ஒரே குற்றச்சாட்டு: பின்தங்கும்போது, அல்லது அடித்தே ஆக வேண்டும் எனும்போது, என்ன செய்வது என்பதற்கு அணியிடம் பழகிய பதில் இல்லை. பயிற்சி நேரம் குறைவு என்பதாலேயே அந்தக் குறைவான நேரத்தின் பெரும் பகுதியை முதல் பாஸுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். தற்காப்பு அமைப்பு அவருக்குக் கைவந்த கலை; வெளியேறும் வழிதான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவருக்காகப் பேசுவோர் கேட்பதும் நியாயம்தான். ஆட்கள் சிறு தொகை. பதினெட்டு வயதில் நல்ல ஆட்டக்காரன் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போகிறான். உள்ளூர் லீக்கில் அரங்கம் காலி. இந்த நிலையில் யார் வந்தாலும் என்ன செய்திருப்பார்?

ஜாலான் புசார் பக்கம் ஒரு காப்பிக்கடையில் இந்த வாதம் எப்படிப் போனது என்பதைச் சொன்னால் சுருக்கமாகப் புரியும். எதிரில் இருந்தவர் 1977ஐ நேரில் பார்த்தவர். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ராடி ஆடவெச்சதும் இதே ஆட்டம்தான். அப்ப கப்பு வந்துச்சு, நாம வாயைத் திறக்கல. இப்ப கப்பு வரல, அழகு வேணும்னு கேக்குறோம்."

"அண்ணே, ராடிகிட்ட டூரிச் இருந்தாரு. இவருகிட்ட முன்னால பந்தை நிறுத்த யாரு இருந்தா?"

"அதத்தான் நானும் சொல்றேன். ஆளு இல்லன்னு திட்டு, ஆட்டம் சரியில்லன்னு திட்டாதே."

அவர் சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துப்போகிறேன். மக்கள் கேட்ட அழகு பத்து பாஸ் தொடர்ந்து ஆடுவதோ 'கெலெக்' அடித்து (போக்குக் காட்டி) மூவரைத் தாண்டுவதோ இல்லை. கோல் விழக்கூடும் என்ற நப்பாசையாவது இருக்க வேண்டும் என்பதுதான். 1998லும் 2007லும் 2012லும் அந்த நப்பாசை இருந்தது. கார்னர் கிடைத்தாலே கூட்டம் எழுந்து நின்றது. 2016இல் அது போய்விட்டது. நம்பிக்கை இல்லாத ஆட்டத்துக்கு 'தற்காப்பு' என்று பெயர் வைத்தார்கள், பழி மொத்தமும் தற்காப்பின் மேல் விழுந்தது. மற்ற பாதி: ஆள் இல்லையென்றால் அதற்கேற்ற திட்டத்தை வகுப்பதும் பயிற்றுவிப்பாளர் வேலைதானே, அண்ணே?

பிறகு

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2017 முழுவதும் சிங்கப்பூர் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. ஜூனில் மெஸ்ஸி இல்லாத அர்ஜென்டினா வந்து ஆறு கோல் போட்டுவிட்டுப் போனது. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பெரிதுபடுத்த வேண்டியது ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. ஆறு ஆட்டங்களில் இரண்டே புள்ளி. பஹ்ரேனில் எடுத்த 0-0 நல்ல பலன்தான், ஆனால் சொந்த ஊரில் தைவானிடம் 1-2 என்று தோற்றதற்குச் சமாதானம் கிடையாது. பலமான அணிக்கு எதிராகச் சுவர் நின்றது; பந்தை நம்மிடம் விட்டுவிட்டு 'நீயே ஆடிக் காட்டு' என்று நின்ற அணிக்கு எதிராக நம்மிடம் ஒன்றுமில்லை. மணிலாவில் 62ஆம் நிமிடத்துக்குப் பிறகு தெரிந்த அதே நோய். 2018 மார்ச்சில் மாலத்தீவுகளை 3-2 என்று வென்றதும், நான்கு நாளில் தைப்பேயில் 0-1 என்று தோற்றார்கள். ஏப்ரலில் சுந்தரமூர்த்தி விலகினார்.

பின்னால் ஃபாண்டி அகமது, அடுத்து மூன்று ஜப்பானியர் என்று வரிசையாக வந்தார்கள். தட்சுமா யோஷிடாவின் காலத்தில் அணி பந்தைக் கீழே வைத்து ஆடக் கற்றது. ஆனால் அவர் காலத்தில் ஊரே நெகிழ்ந்த ஆட்டம் எது? 2021 டிசம்பர் 25, தேசிய விளையாட்டரங்கில் இந்தோனீசியாவுக்கு எதிரான சுசுகி கிண்ண அரையிறுதி. மூன்று சிவப்பு அட்டை வாங்கி, எட்டுப் பேரோடு முடித்து, 2-4 என்று தோற்ற ஆட்டம். ஹசான் சன்னி தடுத்த தடுப்புகளுக்காக அரங்கமே எழுந்து நின்றது. தற்காப்பை நம் மக்கள் வெறுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்த இரவைக் காட்டுவேன்.

2025இல் பொறுப்பேற்ற கேவின் லீ ஜப்பானியரும் இல்லை, முன்னாள் நட்சத்திரமும் இல்லை. அக்டோபரில் கோவாவில் ஆசியக் கிண்ணத் தகுதியாட்டத்தில் இந்தியாவிடம் பின்தங்கி, சோங் உய் யோங்கின் இரண்டு கோல்களால் 2-1 வெற்றி. நவம்பர் 18இல் ஹாங்காங்கின் கை டாக் அரங்கில் இடைவேளையின்போது 0-1. இரண்டாம் பாதியில் ஷாவால் அனுவார் ஒன்று, நான்கு நிமிடத்தில் ஃபாண்டியின் மகன் இல்ஹான் ஒன்று. சிங்கப்பூர் தன் காலிலேயே நின்று முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது; 1984இல் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்பதால். இரண்டு ஆட்டங்களிலும் பின்தங்கிய பிறகு அடித்தார்கள். சுந்தரமூர்த்தியின் அணிக்கு வராமல் போனது அந்த ஒன்றுதான். இல்ஹானின் கோலுக்குப் பிறகு இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு கோல் முன்னிலையைக் காத்துத்தான் ஆட்டத்தை முடித்தார்கள். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் என் காதில் விழவில்லை.